ஆகாயத்தில் முப்பத்தொன்பது கிலோமீட்டர்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் காலைப் பேருந்து ஆலப்பாக்கத்தில் நெரிசலில் நின்றது. முன் இருக்கையில் ஒரு பெண், மடியில் ஆபீஸ் பையுடன், பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னாள்:

"கடலூர் வீட்டுலேர்ந்து சிதம்பரம் ஆபீசுக்கு வானத்துல போனா முப்பத்தொம்பது கிலோமீட்டர்தானாம் மாமா."

"யாரு சொன்னது?"

"எங்க ஆபீஸ் கிளார்க்கு. நாப்பதத் தாண்டினாதான் கடலூருக்கு மாற்றல் கேக்கலாமாம். போன்ல நேர்கோடு போட்டுக் காட்டினாரு."

"ரோட்டுல ஜாஸ்தி வருதேம்மா!"

"சொன்னேன். கடலூர்ல ஏர்போர்ட் எங்க சார் இருக்குன்னும் கேட்டேன். திமிருன்னாரு."

"புள்ள எப்படி இருக்கான்?"

"நான் கெளம்பறப்பவும் தூங்கறான், திரும்பி வர்றப்பவும் தூங்கறான். பக்கத்து வீட்டு அக்காவத்தான் அம்மாங்கறான்."

"மனு என்னாச்சு?"

"விருப்பப்பட்டு வாபஸ் வாங்கறேன்னு எழுதச் சொன்னாரு. எழுதிக் குடுத்துட்டேன்."

விதிப்படி சாலைத் தூரம்தான் கணக்கு. ஆனால் விருப்பப்பட்டு வாபஸ் வாங்கிய மனுவுக்கு மேல்முறையீடு கிடையாது.