மேடைக்கால் மீட்டரும் மூணாவது ஓலையும்

தேவசகாயம்: சிரிக்காத லூர்து! தந்தியப் பாத்ததுமே பேஜாராயி, பம்பாய்க் கடல்லேர்ந்து பச்சத் தண்ணி குடிக்காம ஓடியாந்திருக்கேன்...

லூர்துமேரி: அவ்ளோ பெரிய கடல்ல தண்ணி இல்லியாங்க?

தேவசகாயம்: பாரு, பாரு! நாளைக்குக் கோயில்ல நம்ம கல்யாண அறிவிப்பு, மூணாவது ஓலை வாசிக்கணும். எவளோ சாமியார்கிட்ட போயி தடை சொல்லியிருக்கா. நீ இன்னாடான்னா திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல மல்லாட்டை தின்னுக்கினு...

லூர்துமேரி: வறுத்த கடலைதாங்க. நீங்களும் துன்னுங்க. இன்னா தடையாம்?

தேவசகாயம்: நான் வேலை செய்யற எண்ணெய் மேடை கடல் நடுவுல நிக்குதாம், என்னிக்கு வேணாலும் சாஞ்சிடுமாம், பொண்ணு கதி இன்னாவறதுன்னு கேட்டிருக்கா. யாருன்னு கேட்டா சாமியாரு பேரே சொல்லமாட்டேன்றாராம்.

லூர்துமேரி: ...சாயுமாங்க?

தேவசகாயம்: சாயாது! மேடையத் தாங்கற காலுக்குக் கால் மீட்டரு ஒட்டியிருக்கு. எல்லா ஒயரும் மேல எங்க ரூமுக்கு வருது. அலை அடிச்சா கால் எவ்ளோ ஆடுதுன்னு முள்ளு காயிதத்துல கோடு போடும். அத பாத்துக்கறதுதான் என் வேலையே.

லூர்துமேரி: ஐயோ, ஆடுதா!

தேவசகாயம்: ஆடணும்டி. தென்னமரம் காத்துக்கு ஆடல? வேர் அழுவிப்போனாதான் ஆட்டம் மாறும். மாறினா மணி அடிக்கும்.

லூர்துமேரி: நீங்க தூங்கிட்டா?

தேவசகாயம்: அந்த மணிக்குச் செத்தவனே எழுந்துப்பான்.

லூர்துமேரி: அடிச்சிருக்குதா?

தேவசகாயம்: அந்த மல்லாட்டைய இப்படிக் குடு.

லூர்துமேரி: இன்னாங்க, அடிச்சிருக்குதா?

தேவசகாயம்: ஒரே ஒரு தபா.

லூர்துமேரி: மாதாவே!

தேவசகாயம்: கத்தாத, கண்டக்டர் பாக்கறாரு. காலுக்கு ஒண்ணும் ஆவல. நீ சம்மதிச்சிட்டேன்னு அப்பா தகவல் அனுப்பினாரா... மேல் தளத்துலயும் ஒரு மீட்டரு இருக்கு. அதுக்குப் பக்கத்துல நின்னுக்கினு...

லூர்துமேரி: நின்னுக்கினு?

தேவசகாயம்: குதிச்சிட்டேன்.

லூர்துமேரி: ஐய!

தேவசகாயம்: நிறுத்த முடியல லூர்து, குதிச்சிக்கினே இருந்தேன். முள்ளு எகிறிப்போச்சு. எல்லாரும் மெதக்கற சட்டைய மாட்டிக்கினு படகாண்ட ஓடறாங்க. இன்ஜினியரு நெஞ்சப் புடிச்சிக்கினு "இன்னாய்யா அது?"ன்றாரு. "பெரிய அலை சார்"ன்னுட்டேன். கடலு அன்னிக்கு அலையே இல்லாம தட்டாட்டம் கெடக்குது!

லூர்துமேரி: போதுங்க... வயிறு வலிக்குது... இத சாமியார்கிட்டயும் சொல்லுவீங்களா?

தேவசகாயம்: சொல்லித்தானே ஆவணும்? தடை சொன்னவளையும் கூப்புடுங்கன்னு கேப்பேன்.

லூர்துமேரி: கூப்புட்டு? அறைவீங்களா?

தேவசகாயம்: கால்ல விழுவேன். தடைய வாபஸ் வாங்கு தாயேன்னு கெஞ்சுவேன். அவ பேச்சக் கேட்டு நீயும் பயந்துக்கினு வேணாம்னுட்டா... நான் இன்னா பண்ணுவேன், சொல்லு?

லூர்துமேரி: அப்ப ஜல்தியா விழுங்க, நம்மூரு கிளியனூர் பஸ்சு கெளம்புது. தெனம் அந்த மேடை சாயற மாதிரியே கனா... சாயாதுன்னு உங்க வாயால கேக்காம கழுத்த நீட்ட முடியல. தடை சொன்னவ நான்தாங்க.