ஆளில்லாத கலங்கரை விளக்கம்

காலையில் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் நான் கேமராவைத் தொடுவதில்லை. திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஸ்டுடியோ ஞானசேகரன் அதிர்ந்து பேசாத மனிதர் என்று.

நீங்கள் கேட்பது கலங்கரை விளக்கப் படத்தைப் பற்றி. சொல்கிறேன் இன்ஸ்பெக்டர் ஐயா. பவ்யா கடைக்கு வந்துபோன நாள் முதல் நான் கடை திறக்கவில்லை.

அவளுடைய அப்பா தங்கராஜ் என் பக்கத்து வீட்டுக்காரன். மனைவி சுலோசனாவோடு சண்டை போட்டிருந்தான். மனம் ஆறட்டும் என்று நான்தான் பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கம் பக்கம் அழைத்துப் போனேன். நன்றாக விடிந்ததும், "நீ படம் புடி மாமே, நா கால நனச்சுகினு வரேன்" என்று பாறைப் பக்கம் இறங்கினான்.

என் வேலைமுறை ஒன்று உண்டு. ஸ்டாண்டில் கேமராவை அசையாமல் நிறுத்தி, ஒரே காட்சியை அரை நிமிடத்துக்கு ஒன்றாக இருபத்திரண்டு முறை எடுப்பேன். கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அசையாதது மட்டும் மிஞ்சும். குறுக்கே வந்த ஆட்கள் தாமாகவே மறைந்துவிடுவார்கள். அன்றும் படம் சுத்தமாக வந்தது.

கோபத்தில் பஸ் ஏறிப் போய்விட்டான், ஆறினால் வருவான் என்று சுலோசனாவிடம் சொன்னேன்.

"போறப்போ ஒரு படமாச்சும் எடுத்தீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. பவ்யாவின் பிறந்தநாள் படத்திலிருந்து தங்கராஜை வெட்டியெடுத்தேன். கடற்கரை வெயில் எதிர்ப்பக்கம் விழுந்ததால், அவனை இடம் வலமாகத் திருப்பி, கலங்கரை விளக்கத்தின் கீழே ரோட்டில் நடக்கவிட்டேன். நிழலும் போட்டேன்.

இரண்டு வருடமாகச் சுலோசனா அந்தப் படத்தோடு ஞாயிறுதோறும் ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டாகத் தேடினாள். ஆவடிவரை என் வண்டியில்தான் கொண்டுபோய் விடுவேன். டீ வாங்கிக் கொடுக்காமல் அனுப்பியதில்லை.

போன வாரம் பவ்யா தனியாக வந்தாள். பத்தாவது படிக்கிறாள். படத்தை மேஜைமேல் வைத்தாள்.

"அப்பா சட்டையில பாக்கெட்டு இடது பக்கம்தான். இதுல வலது பக்கம் கீது. எங்கப்பாவ இன்னா மாமா பண்ண?"

சாக்லேட் எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. அவள் போனதும் ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். வெளியே செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூச்சை அடக்கினேன். அவள் உங்களிடம் புகார் கொடுக்க வந்தது பிறகுதான் தெரியும்.

அன்று எடுத்த இருபத்திரண்டு மூலப் படங்களும் என்னிடமே இருக்கின்றன. அழிக்கப் பயம், மறுபடி திறந்து பார்க்கவும் பயம். ஆறாவது படத்தில் பாறையில் வழுக்கி விழுகிறான். ஒன்பதாவதில் தலையும் கையும். பன்னிரண்டிலிருந்து கை மட்டும். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் காதில் விழுந்தது. வண்டியில் கயிறு இருந்தது. ஆனால் வெளிச்சம் மாறிக்கொண்டிருந்தது ஐயா, நடுவில் விட்டால் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. தானே ஏறி வந்துவிடுவான் என்று நினைத்தேன். பதினேழாவதில் கடல் மட்டும்தான். மீதி ஐந்தையும் எடுத்து முடித்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவற்றைச் சுலோசனாவிடம் காட்டிவிடாதீர்கள். இத்தனை நாள் அவள் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டவன் நான்.