இரண்டாவது பொட்டலம்

எனக்குச் சுத்தம் முக்கியம் மேடம். வல்லத்திராக்கோட்டையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், வனிதா வீட்டுப் படியில் சோறு போட்டுத் தின்னலாம் என்பார்கள். நீங்களும் அந்தப் படியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்கும் நியாயம் புரியும்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, பிரகதீஸ்வரி. அவள் அப்பா பெயர் திருப்பதி, டவுன் பஸ் ஓட்டுகிறார். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் வாசலையே பார்த்துத் தைத்து ஊசி விரலில் ஏறிவிடும். பிளஸ் டூ முடித்ததும் புதுக்கோட்டையில் ஒரு காலேஜில் சேர்வாள், சாயங்காலம் வீடு திரும்புவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ நெதர்லாந்தில் ஒரு சர்வதேசப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிவிட்டாள். லிபரல் ஆர்ட்ஸ். டாக்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. தத்துவம், ஓவியம், வரலாறு, கணக்கு எல்லாவற்றையும் கலந்துகட்டிப் படிப்பார்களாம்.

"அதப் படிச்சு என்ன வேலைக்குடி போவ?" என்று கேட்டேன்.

"எதையும் அப்படியே நம்பாம, பிரிச்சுப் பாக்கக் கத்துக் குடுப்பாங்கம்மா. வேலை தானா வரும்."

சித்தன்னவாசல் ஓவியத்தைப் பற்றிக் கட்டுரை எழுதித்தான் அந்த இடத்தை வாங்கினாள். அப்போது என்னையும் அங்கே கூட்டிப்போனாள். கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவள் போனால் திரும்பமாட்டாள் என்று அங்கேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

செலவு முழுக்க அந்தப் பல்கலைக்கழகத்துடையது. அதைச் சொல்லியும் தடுக்க முடியாது. இவரோ பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துவிட்டார். ஆனால் எங்கள் வீட்டில் எந்தக் காரியமானாலும் அய்யனாரிடம் பூக் கேட்காமல் இறங்கமாட்டோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டியதுதான். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை, அது சாமியைச் சந்தேகப்படுகிற மாதிரி. அப்படியே ஊரணியில் போட்டுவிடுவோம். பொட்டலம் கட்டுவது வீட்டுப் பெண்கள் வேலை. நான் இரண்டிலும் செவ்வரளி வைத்துக் கட்டினேன்.

அவர்தான் எடுத்தார். சிவப்பைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது. மற்றதை ஊரணியில் போடுகிறேன் என்று பிரகதி வாங்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் அவர் டூட்டிக்குக் கிளம்பிய பிறகு, அதைப் பிரித்தபடியே என் தையல் மெஷின்மேல் வைத்தாள்.

"இதுலயும் செவப்புதாம்மா இருக்கு."

நான் நிமிரவில்லை. தைத்துக்கொண்டே இருந்தேன்.

"அப்பாட்ட சொல்லமாட்டேன், பயப்படாத. வர்ற வெள்ளிக்கெழம இன்னொரு தடவ கேப்போம். பொட்டலத்த நான் கட்டுறேன். வெள்ள வந்தா சிரிச்ச மொகத்தோட அனுப்பி வைக்கணும், என்ன?"

திட்டியிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கீழே சிக்னல் கிடைக்காது. பல்கலைக்கழகத்துக்காரர்களோடு வீடியோவில் பேச மாடிக்குத்தான் போவாள். பேசி முடித்தால் துள்ளிக்கொண்டு இறங்குவாள். வியாழக்கிழமை அவள் மேலே பேசிக்கொண்டிருந்தபோது மேல்படிகளில் விளக்கெண்ணெய் தடவினேன். கால் பிசகினால் போதும் என்றுதான் நினைத்தேன். ஒரு வருஷம் தள்ளிப்போகும், அதற்குள் மனசு மாறும். எந்த அம்மாவும் இதற்கு மேல் நினைக்கமாட்டாள்.

சத்தம் கேட்டு ஓடினேன். கீழ்ப்படியில் கிடந்தாள், கண் திறந்திருந்தது. "அம்மா, தூக்கிவிடும்மா" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. நான் அவளைத் தாண்டி மேலே ஏறி, சோப்புத் தண்ணீர் ஊற்றிப் படியைத் துடைத்தேன். வழவழப்புப் போகவில்லை. இன்னொரு தடவை துடைத்தேன். அதன் பிறகுதான் கத்தினேன். டூட்டி முடிந்து தெருமுனையில் வந்துகொண்டிருந்தவர் ஓடி வந்தார்.

தலைக்குள் ரத்தம் கட்டி, கைகாலும் பேச்சும் போய்விட்டதாம். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். டாக்டர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். உண்மையைச் சொன்னால், பல வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். குளிப்பாட்டினேன், தலை வாரிப் பூ வைத்தேன், கஞ்சி ஊட்டினேன். படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது கழுத்து வலிக்காது இல்லையா. என் காலடிச் சத்தம் கேட்டாலே அவளுக்கு மூச்சு வேகமாகும், கண் விரியும். அந்த அளவுக்கு என்னைத் தேடினாள்.

கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க ராசாத்தி என்று ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். போன மாதம் ஒரு நாள் பிரகதியின் வலது ஆள்காட்டி விரல் அசைந்தது. முதலில் பார்த்தது நான்தான். ஆத்தி, பழைய பயம் மொத்தமும் ஒரே நொடியில் திரும்பிவிட்டது. பிள்ளைக்கு வலிக்கிறது, இனிமேல் வராதே என்று ராசாத்தியை அனுப்பிவிட்டேன்.

ஆனால் அவரும் அந்த விரலைப் பார்த்துவிட்டார். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"சாமிட்ட பூக் கேட்டுட்டுப் போவோம்," என்றேன்.

"சரி. ஆனா எம்புள்ளதான் எடுக்கணும்."

பொட்டலம் நான் கட்டினேன். உள்ளே என்ன வைத்தேன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். கட்டிலில் அவள் கைக்குப் பக்கத்தில் இரண்டையும் வைத்து, "தொடு தாயி" என்றார். விரல் ஒன்றைத் தொட்டது. பிரித்தார், சிவப்பு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விரல் நிற்கவில்லை மேடம். மெத்தையில் ஊர்ந்து ஊர்ந்து மற்றப் பொட்டலத்துக்குப் போனது. அவள் கண் என் மேலேயே இருந்தது.

"அதப் பிரிக்காதீங்க, சாமி குத்தமாயிரும்," என்றேன்.

அவர் பிரித்தார். உள்ளே இருந்த செவ்வரளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு பூவையும் மெத்தையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"வனிதா, அன்னைக்கி நான் ஓடி வந்தப்ப மாடிப்படி எதுக்குடி ஈரமா கெடந்துச்சு?"

எண்ணெய் தடவியது நான், துடைத்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது, அவளுக்குக் கஞ்சி நேரம். வேறு யார் ஊட்டினாலும் அவள் வாயைத் திறக்கமாட்டாள். காலையில் அவர் ஊட்டி ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தாளாம், வெளியே உங்கள் ஏட்டம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நம்பாதீர்கள். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?