வெட்டிய பிளாஷ்பேக்

கொலைப் படத்தில் பிளாஷ்பேக் ஆரம்பித்ததும் பலர் டீ குடிக்க எழுந்து போகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. கொன்றவனும் மனுஷன்தான் என்று தெரிகிற ஒரே இடம் அது, சார்.

நான் அருப்புக்கோட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து பிழைக்கிறவன். எதை எங்கே வைப்பது என்பதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. காரணத்தை முதலிலேயே சொன்னால் கொட்டாவி விடுவார்கள். கொலையைக் காட்டி, எல்லோரும் அவனைத் திட்டி முடித்த பிறகு பழசைக் காட்ட வேண்டும். திட்டிய வாயே பாவம் என்று சொல்லும். இந்த நாற்காலி ஆடிக்கொண்டே இருக்கிறது. நின்றபடியே சொல்கிறேன்.

என் சிநேகிதன் சக்திகுமார் ஒரு கொலைப் படம் எடுத்தான். கொலைகாரனாக நடித்ததும் நான், எடிட்டரும் நான். கதைப்படி ஒருவனைக் கொன்று கரிமூட்டத்துக்குள் வைத்து எரிப்பேன். திருச்சுழிப் பக்கம் கருவேலங்காட்டில் மாயக்காள் என்ற அம்மா கரி போடுகிறார். விறகை அடுக்கி, வைக்கோல் போட்டு, மண் மூடித் தீ வைப்பார். உள்ளேயே புழுங்கிக் கரியாகும். அங்கேதான் எடுத்தோம். பிளாஷ்பேக்கில் நான் அழுதபோது கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். அதுவரை எனக்காக யாரும் அழுததில்லை.

எடிட்டிங்கில் சக்திகுமார் சொன்னான்.

"ஏலே மாரி, பிளாஷ்பேக்கத் தூக்கிரு. கொன்னவன் கொன்னவன்தாம்லே. அவனுக்கு எதுக்கு வக்காலத்து?"

"அது இல்லேன்னா நான் வெறும் கொலகாரன்லடா?"

"அதத்தாம்லே நானும் சொல்றேன்."

சிரித்தான். என் கையாலேயே வெட்டினேன்.  அதன் பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். படத்தைப் பார்த்தால் ஊரே என் முகத்தில் காறித் துப்பும் என்று பயந்தேன்.

ஒரு மத்தியானம், விட்டுப்போன ஷாட் ஒன்று எடுக்கலாம் என்று அவனைக் காட்டுக்குக் கூட்டிப்போனேன். மாயக்காள் புது மூட்டத்துக்கு விறகு அடுக்கிவிட்டுத் தூரத்து ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். ஒரு கட்டை போதுமாக இருந்தது. ஏற்கெனவே ஒத்திகை பார்த்த காரியம்தானே. உள்ளே வைக்கும்போது அவனுக்கு உயிர் இருந்ததா என்று கேட்கிறீர்கள். படத்தில் அதைப் பார்ப்பது மாதிரி ஷாட் இல்லை, நானும் பார்க்கவில்லை.

திரும்பி வந்த மாயக்காளிடம், ஷூட்டிங்குக்காக நாங்களே கொளுத்திவிட்டோம் என்றேன். என் தப்பு அங்கேதான். படத்தில் தீ வைத்த அடுத்த ஷாட்டில் கரி வந்துவிடும். நடுவில் இருந்த நாட்களை வெட்டியவனே நான்தான். மூட்டம் வேகும்வரை பக்கத்திலேயே காவல் இருந்து, அமுங்குகிற இடத்தில் மண் தள்ளுவார்கள் என்பது நினைவில் இல்லை. மறுநாள் அவரே போன் செய்தார்.

"ஏய்யா, நீங்க கொளுத்துன மூட்டம் நடுவுல மட்டும் அமுங்குது. வெறகு இப்பிடி அமுங்காதுய்யா. பிரிச்சுப் பாக்கேன்."

பிரித்துவிட்டார்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன், சார். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சக்திகுமார் வீட்டுத் தறி ஷெட்டில் ஒரு தடவை சேலைக்கட்டு காணாமல் போனது. நான் எடுக்கவில்லை. என்னைத் தூணில் கட்டிப்போட்டான். எங்கம்மா ஓடி வந்து அவன் காலில் விழுந்தாள். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

பாலவனத்தத்தில் இருக்கும் எங்கம்மாவிடமே போய் விசாரித்தீர்களா? அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றாளா?

சரிதான். அது, நான் வெட்டிய அந்தப் பிளாஷ்பேக்குக்காகச் சக்திகுமார் எழுதிய காட்சி. அம்மாவாக நடித்தவர் வேறு யாரோ. ஆனால் கட்டிப்போட்டது என்னைத்தானே, சார்? அழுததும் நான்தானே? அவ்வளவு செய்தவனை எப்படிச் சும்மா விடுவது?