கூண்டுக்குப் பின்னால் ஒரு கிண்ணம்

— நான் சும்மா சொல்லல டாக்டர். இது தானா வந்த நோய் இல்ல. யாரோ எதையோ குடுத்திருக்காங்க.

— யாரோன்னா?

— வீட்டுல இருக்கிறது ரெண்டு மருமக. மூத்தவ நான் குடுக்கல. மிச்சத்தை நீங்களே பாத்துக்குங்க.

— நான் இங்கதான்கா நிக்கறேன். என் மூஞ்சியப் பாத்தே சொல்லலாம்.

— பாத்தீங்களா, எப்படிப் பேசறா. பாவம் எம் மாப்பிள்ளை.

— மாப்பிள்ளையா?

— இந்த முயல்தான் டாக்டர். இவன் பண்ற மிதப்புக்கு நான் வச்ச பேரு.

— சரி, மாப்பிள்ளைய மேசை மேல விடுங்க. பின்பக்கமெல்லாம் நனைஞ்சிருக்கே. எத்தனை நாளா?

— மூணு நாளா. மூத்திரத்துக்குன்னு வச்ச தட்டுல மட்டும் போறவன், இப்ப கண்ட இடத்துல சொட்டுச் சொட்டா விடறான். முக்கறான். முதுக வளைச்சு உக்காந்து பல்ல நறநறன்னு கடிக்கறான். நேத்து செவப்பா வேற போச்சு. எலி மருந்து வச்சாதானே அப்படிப் போகும்?

— நம்ம வீட்டுல எலி மருந்தே கிடையாதுக்கா.

— உனக்கு எப்படித் தெரியும்? தேடிப் பாத்தியா?

— கொஞ்சம் பொறுங்க ரெண்டு பேரும். செவப்பெல்லாம் ரத்தம்னு இல்ல. தின்ன காய், கீரையாலகூட முயலுக்கு அப்படிப் போகும். சொட்டு எடுத்துப் பாத்துடறேன்... ம். இதுல ரத்தமும் இருக்கு, கிருமியும் இருக்கு. அடியில சுண்ணாம்பு மாதிரி மண்டி. விஷம் இல்லம்மா. மூத்திரப்பையில கிருமி.

— நெருப்பில்லாம புகையுமா டாக்டர்? கூண்டுக்குப் பின்னால ஒரு கிண்ணத்த ஒளிச்சு வைக்கிறா. என் கண்ணால பாத்தேன். நல்ல எண்ணத்துல வைக்கிறவ எதுக்கு ஒளிக்கணும்?

— கிண்ணத்துல என்ன இருந்துச்சு?

— பாத்தா தண்ணி மாதிரிதான் இருக்கும். விஷம் என்ன கலர் கலராவா வரும்?

— தண்ணிதான்கா அது.

— இருக்கட்டும். தண்ணி கொறைஞ்சா மூத்திரம் கெட்டியாகி இப்படித் தங்கிடும். நல்லாக் குடிக்கறானா?

— அதுக்கு என்ன குறை? இதோ, கூண்டுல தொங்குது பாருங்க, போன மாசம் நானே பாத்துப் பாத்து வாங்கின பாட்டில். எப்பப் பாத்தாலும் கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருக்கும்.

— எத்தனை நாளைக்கு ஒருதடவை நிரப்பறீங்க?

— நிரப்ப வேண்டியே வராது டாக்டர். அவ்வளவு சிக்கனம் இவன்.

— இங்க பாருங்க. பாட்டில் மூக்குல, நக்கினா தண்ணி விடற இந்தக் குண்டத் தட்டறேன். ஒரு சொட்டு வருதா?

— ...வரல.

— குண்டு இறுகிக் கிடக்கு. ஒரு மாசமா இதுலேர்ந்து இவன் ஒண்ணுமே குடிச்சிருக்க முடியாது.

— எனக்கு அது வாங்கின ரெண்டாம் நாளே தெரியும் டாக்டர். சொன்னா, நான் வாங்கினதுல குத்தம் கண்டுபிடிக்கறியான்னு அக்கா ஒரு பாட்டம் ஆடுவாங்க. அதான் கிண்ணம்.

— தினமும் வச்சீங்களா?

— ஒரு நாள் விடல. ராத்திரி வந்து பாத்தா காலியா இருக்கும். அதுலயும் இந்த ஒரு வாரமா வச்ச கொஞ்ச நேரத்துலயே காலி. நல்லாக் குடிக்கறான்னு சந்தோஷப்பட்டேன்.

— அங்கதான் இடிக்குது. அவ்வளவும் குடிச்சிருந்தா உடம்பு இப்படிக் காய்ஞ்சிருக்காது. சரி, முதல்ல வைத்தியம். கல்லு இருக்கான்னு ஒரு படம் எடுப்போம். வலிக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒண்ணு. பாதியில நிறுத்தக் கூடாது. மனுஷங்க மாத்திரை எதையும் குடுத்துடாதீங்க, சிலது முயல் உயிரையே எடுத்துடும். நிறைய காஞ்ச புல்லு, நிறைய தண்ணி. வேளை தவறாம யாரு பாத்துப்பாங்க? நீங்கதானே வளர்க்கறீங்க?

— அவளே பாத்துக்கட்டும் டாக்டர். ஒரு வாரமா அவ வச்ச தண்ணிய, அவ தலை மறைஞ்சதும் ஜன்னல் வழியாக் கொட்டினவ நான்தான்.