நூற்று இருபத்துநாலுக்கு எழுபத்தெட்டு

என் ரத்த அழுத்தம் பெரும்பாலும் நூற்று இருபத்துநாலுக்கு எழுபத்தெட்டுதான் இருக்கும், டாக்டர். அறுபத்தாறு வயதில் இது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த நோட்டுப் புத்தகத்தை நீங்கள் மேசைமேல் விரித்து வைத்திருப்பதால் இதைச் சொல்கிறேன். இரண்டரை வருஷமாகக் காலையும் மாலையும் விடாமல் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, கையை மேசைமேல் நீட்டி எடுத்த அளவுகள். அட்டையில் இருக்கும் பெயர் என் கணவருடையது. கை மட்டும் என்னுடையது.

ஏன் என்று கேட்கிறீர்கள். ஒரு பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில், அவருக்கு வேலை கிடைத்த ஊருக்குக் குடிபோகக் கிளம்பினோம். இரண்டு பெட்டியோடு என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுச் செய்தித்தாள் வாங்கப் போனவர், கடை வாசலிலேயே நின்று படிக்க ஆரம்பித்துவிட்டார். பஸ் கிளம்பிவிட்டது. நடந்தது இவ்வளவுதான். ஆனால் நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம் அவர் இதை வேறு மாதிரி சொல்வார். "பெட்டியை மறக்கல, புருஷனை மறந்துட்டா. வந்த பஸ்ஸுல ஏறிட்டா மகராசி!" என் நாத்தனார் அந்த வரி வருவதற்கு முன்பே சிரிக்கத் தயாராக இருப்பாள். நாற்பத்தொரு வருஷம் நானும் சேர்ந்து சிரித்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், விருந்தாளிகள் நடுவில் இதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று என்னைப் பார்த்தார்.

நான் அச்சகத்தில் முப்பது வருஷம் புரூஃப் பார்த்தவள், டாக்டர். வரியில் ஓட்டை விழுந்தால் அப்படியே விட்டுவிட எனக்குக் கை வராது. "அப்புறம் நீங்க பஸ் பின்னாடியே ஓடி வந்தீங்க. அடுத்த நிறுத்தத்துல ஏறி, 'மன்னிச்சுக்கோ, என் தப்புதான்'னு சொன்னீங்க" என்றேன். "ஆமாமா" என்று தலையாட்டினார். நாத்தனார் சிரிக்கத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவரை உங்களிடம் அழைத்து வந்தேன். நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். "பிரஷர் ரொம்ப அதிகமா இருக்கும்மா. அதைக் கட்டுக்குள்ள வெச்சா மூளைக்கும் நல்லது. ஞாபகம் நழுவுறது குறைய வாய்ப்பு இருக்கு." சில மாதங்கள் நீங்கள் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகத்தான் கொடுத்தேன். அவர் தெளிந்தார். தெளிந்ததும் முதல் வேலையாகப் பஸ் கதையைப் பழையபடி சொன்னார்.

நீங்கள் சொன்னதை அன்றைக்குத்தான் தலைகீழாக வாசித்தேன்.

உங்கள் மாத்திரை சமையலறைத் தொட்டியில் கரைந்தது. அதே வெள்ளையில், அதே வட்டத்தில் என்னுடைய கால்சியம் மாத்திரையை அவருக்குக் கொடுத்தேன். எலும்பாவது உறுதியாகட்டுமே. இங்கே வரும்போதெல்லாம் அவருக்கு நூற்று எண்பதைத் தாண்டும். "உங்க வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே இவருக்கு உதறல் டாக்டர். வீட்ல எவ்வளவு சமத்தா இருக்கு பாருங்க" என்று நோட்டை நீட்டுவேன். நீங்களும் சிரிப்பீர்கள்.

வேலை மெதுவாகத்தான் நடந்தது. பஸ் கதையில் மழையைச் சேர்த்தேன். செருப்பு அறுந்ததையும் சேர்த்தேன். என்னை அச்சக வேலைக்குப் போகக் கூடாது என்று மூன்று மாதம் பேசாமலிருந்தவர், இப்போது விண்ணப்பத்தை அவரே பூர்த்தி செய்து கொடுத்தவராகிவிட்டார். மகள் பிறந்தபோது அலுவலக வேலையாக வெளியூரில் இருந்தவர், ஆஸ்பத்திரி வராந்தாவில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றவராகிவிட்டார்.

நாத்தனார்தான் ஒருமுறை குறுக்கே வந்தாள். "என்ன அண்ணி கதை விடறீங்க? அண்ணன் அன்னிக்கு ஊர்லயே இல்லையே?"

எனக்கு முன்னால் அவரே பதில் சொன்னார். "சும்மா இருடி. நின்னவன் நான். எனக்குத் தெரியாதா? இன்னமும் கால் வலிக்குது."

அவள் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

என்னைக் கொடுமைக்காரி என்று நினைக்காதீர்கள். அவர் நிம்மதியாக இருக்கிறார். எரிச்சல் போய்விட்டது. நாற்பத்தொரு வருஷம் யாரைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமோ, அவரை இப்போதுதான் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

போன வாரம் நாள் முழுக்க அழுத்தம் பார்க்கும் பெட்டியை அவர் கையில் கட்டி அனுப்பினீர்கள். கழற்றி என் கையில் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். "கழட்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க" என்று கையை இழுத்துக்கொண்டார். எல்லாம் மறந்த மனிதருக்கு அது மட்டும் ஞாபகம் இருந்தது, பாருங்கள். அதனால்தான் அந்தப் பெட்டியின் எண்கள் என் நோட்டோடு ஒத்துப்போகவில்லை.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று பாக்கி. செவ்வாய்க்கிழமை காலை, இஸ்திரி போட்ட சட்டையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு வாசற்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அன்னிக்கு என்ன மழைங்கறீங்க" என்று ஆரம்பித்தார். பஸ் கதை முழுவதையும் சொன்னார். மழை, செருப்பு, மன்னிப்பு, எதுவும் பிசகவில்லை. கண் கலங்கியிருந்தது. "அவ மாதிரி ஒருத்தி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து மரியாதையாகக் கேட்டார். "இன்னும் காணோமே. நீங்க அவளை எங்கயாவது பார்த்தீங்களாம்மா?"

"வந்துடுவாங்க" என்றேன்.

"நான் தேடினேன்னு சொல்லுங்க."

அவர் எனக்காக இப்படி ஒருநாளும் காத்திருந்ததில்லை, டாக்டர். அவள்மேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

நாளையிலிருந்து நர்ஸ் வந்து தன் கையாலேயே மாத்திரை கொடுப்பார் என்கிறீர்கள். போனது திரும்பாது, ஆனால் இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறீர்கள். நல்லதுதான். நான் மறுக்கவில்லை. இரண்டு வாரம் மட்டும் பொறுத்து ஆரம்பியுங்கள். புரூஃபில் ஒரே ஒரு பிழை பாக்கியிருக்கிறது. அவர் காத்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்கு என் முகத்தை வைத்துவிட்டால், அதன் பிறகு மாத்திரையை நானே கொடுத்துவிடுவேன்.