வியர்க்காத சுவர்

மழைக்காலத்தில் வீட்டுச் சுவர் வியர்த்தால் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. இந்த வழக்குக்குப் பிள்ளையார் சுழி அங்கேதான் விழுந்தது என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆய்வாளர் ஐயா கேட்டபடி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நீங்கள் வாங்கித்தந்த டீயைக் குடித்துவிட்டு என் கைப்பட எழுதுவது.

என் பெயர் அருள்பாண்டி. பசுமலையைத் தாண்டி ஒரு கொட்டகையில் தீப்பிடிக்காத சுவர்ப்பலகை செய்கிறேன். மக்னீசியப் பொடி, ஒருவகை உப்புக் கரைசல், அரைத்த உமி, நடுவில் கண்ணாடி நூல் வலை. சேர்மானம் முழுக்க நானே கண்டுபிடித்தது. கண்காட்சிகளில் பலகையின் முன்பக்கம் கேஸ் தீயைப் பீய்ச்சுவேன், பின்பக்கம் ஒரு குச்சி ஐஸை ஒட்டிப் பிடித்திருப்பேன். ஐந்து நிமிடம் கழித்து அந்த ஐஸை நானே தின்பேன். கூட்டம் வாயைப் பிளக்கும். மதுரை வெயிலில் உருகுகிற அளவுக்குக்கூட அந்தத் தீயில் ஐஸ் உருகியிருக்காது.

ஒரே ஒரு குறை. அந்த உப்பு தீயையும் தடுக்கும், காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுக்கும். ஐப்பசி பிறந்தால் போதும், பலகை சொட்டுச் சொட்டாக நீர் விடும். கே.கே. நகரில் ஒரு டாக்டரின் கிளினிக்குக்குப் போட்டுக் கொடுத்திருந்தேன். "யோவ், பேஷன்ட் அழுவுறது பத்தாதுன்னு ஒன் சுவரும் அழுவுதுய்யா" என்று விடிந்ததும் விடியாததுமாகப் போன் செய்வார். ஆணி துருப்பிடித்தது, பெயின்ட் உரிந்தது. பத்து வருடத்தில் ஈரத்துக்காக நூறு பேராவது என்னைத் திட்டியிருப்பார்கள். தீக்காக ஒருவர்கூடத் திட்டியதில்லை. வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டு நடப்பதுதானே வியாபாரம். உப்பை எடுத்துவிட்டேன்.

உப்பு இல்லாமல் பொடி இறுகாது, அதனால் பொடியும் போயிற்று. மரத்தூளையும் பசையையும் வைத்து அழுத்தினேன். பார்வைக்கு அச்சு அசல் பழைய பலகை. வழவழவென்று இருந்தது, ஒரு சொட்டு வியர்க்கவில்லை. கிளினிக்கில் மாற்றிப் போட்டதும் அந்த டாக்டரே கூப்பிட்டுப் பாராட்டினார். 'இரண்டு மணி நேரம் தீ தாங்கும்' என்ற ஸ்டிக்கர் கட்டுக்கட்டாக மிச்சம் இருந்தது, வீணாக்க மனம் வரவில்லை, அதையே ஒட்டினேன். கண்காட்சிக்கு மட்டும் பழைய பலகை ஒன்றைக் கார் டிக்கியில் வைத்திருந்தேன். பெண் பார்க்கப் போகிறவன் இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொள்வதில்லையா?

ஷாநவாஸ் பாய் மிக்ஸி கம்பெனிகளுக்குத் தெர்மாகோல் பேக்கிங் செய்து கொடுப்பவர். நல்ல மனிதர், நோன்பு மாதத்தில் எனக்குக் கஞ்சி கொடுத்தனுப்புவார். வெட்டும் வேலையும் சரக்கு அடுக்குவதும் ஒன்றாக நடக்கும் அவருடைய கிட்டங்கிக்கு முன்பக்கம் ஒரே ஷட்டர்தான். பின்பக்கமும் வழி வைக்கச் சொல்லித் தீயணைப்பு அதிகாரிகள் எழுதிவிட்டார்கள். பின்சுவரோ பக்கத்துக்காரருடையது, உடைக்க முடியாது. கையைப் பிசைந்துகொண்டு நின்றவருக்கு நான்தான் யோசனை சொன்னேன்.

"வழி எதுக்கு பாய்? நம்ம பலகையில உள்ளாறயே ஒரு ரூம் போட்டுருவோம். தீப்பிடிச்சா எல்லாரும் உள்ள போயி கதவச் சாத்திட்டு உக்காந்துக்கிற வேண்டியதுதான். தீ வண்டி வந்துரும்ல."

அறை தயாரானதும் அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்குப் பயிற்சியும் நானே கொடுத்தேன். ஐஸ் வித்தையைக் காட்டினேன். தீ வந்தால் ஓடக் கூடாது, ஓடினால்தான் ஆபத்து என்று மூன்று தடவை சொல்ல வைத்தேன். அவர்களுக்குத் தலைவி போன்ற சீனியம்மாள் மட்டும் பலகையைத் தட்டிப் பார்த்தாள்.

"நெசமாவே தாங்குமாண்ணே? எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைக."

"தாங்கும்த்தா. நான் இருக்கேன்ல?"

போன புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, தெர்மாகோல் வெட்டும் சூட்டுக் கம்பியிலிருந்து தீப்பிடித்தது. அன்று வேலைக்கு வந்தவர்கள் பதின்மூன்று பேர். ஏழு பேர் புதியவர்கள், என் பயிற்சி கிடைக்காதவர்கள். அவர்கள் அலறியடித்துக்கொண்டு ஷட்டர் வழியாக ஓடி, முழங்கால் சிராய்ப்போடு பிழைத்துக்கொண்டார்கள். பயிற்சி பெற்ற ஆறு பேரும் ஒழுங்காக அறைக்குள் போய் இரும்புக் கதவைச் சாத்தினார்கள்.

நான் அப்போது தல்லாகுளத்தில் ஒரு ஹோட்டலில் இருந்தேன். எதிரே ஒரு பள்ளிக்கூடத்துக்காரர்கள் இரண்டு பேர். புதிதாகக் கட்டும் வகுப்பறைகள் அத்தனைக்கும் என் பலகைதான் என்று பேச்சு முடிகிற நேரத்தில் போன் வந்தது.

"அண்ணே, சீனியம்மா பேசுறேன். தீப்பிடிச்சிருச்சுண்ணே, நாங்க ஆறு பேரும் ரூமுக்குள்ள வந்துட்டோம். சுவரு சுடுதுண்ணே. கதவ லேசாத் தொறந்து பாத்தேன், ஷட்டர் பக்கம் இன்னும் தீ வரல. ஓடிரவா?"

அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஓடு என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. ஆனால் எதிரே இருந்த இரண்டு பேரும் வடையைப் பிட்டபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓடாதத்தா. ரெண்டு மணி நேரம் தாங்கும். கதவத் தாப்பாப் போட்டுட்டு உக்காரு" என்றேன்.

"சரிண்ணே" என்றாள்.

இதில் எதையும் நான் மறுக்கவில்லை. வருத்தமாக இருக்கிறது, மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆனால் நான் ஏமாற்றினேன் என்று எழுதப்போகிறீர்களாம். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் ஐயா. கதவை உடைத்தபோது உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது என்று உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. சுவர் பற்றி எரிந்த பிறகும் ஆறு பேரில் ஒருத்திகூட அதைத் தொடவில்லை. ஏமாற்றுக்காரன் ஒருவனை யாராவது அப்படி நம்புவார்களா?